ஐந்தாவது வண்டியும் சரியில்லை

ஐந்தாவது வண்டியும் பிடிக்காமல் போன அன்று பவுன்ராஜ் நேராக ஜெயசீலியின் பட்டறைக்கு வந்தார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுக்கு முப்பத்தாறு. போடியில் தனியாக மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்துகிறவள். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே அவளிடம் வந்து, "எனக்கு வண்டி வேலை கத்துக் குடுங்க" என்று நின்றவர் அவர். அன்றிலிருந்து அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் சார்.

பவுன்ராஜின் வண்டிக்கு இருபத்தொரு வயது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை இரண்டு தடவை போய் வந்தது. இரண்டு தடவையும் பின்னால் மனைவி பரமேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். இப்போது அதற்கு உதிரி பாகம் கிடைப்பதில்லை. வேறு வண்டி பார்த்தே ஆக வேண்டும். இரண்டு மாதமாகத் தேனிக்கும் மதுரைக்கும் அலைந்துகொண்டிருந்தார்.

"இன்னைக்குப் பார்த்தது எப்படி சார்?" ஜெயசீலி டீ கிளாஸை நீட்டினாள்.

"நல்ல வண்டிதான். பிரேக் பிடிச்சா நின்ன இடத்துல நிக்குது. ஆனா உயிர் இல்ல டீச்சர்."

"அப்படின்னா?"

"பேச மாட்டேங்குது. நம்ம வண்டி அம்பதைத் தொட்டா ஒரு முனகல் முனகும் பாருங்க, தொட்டில்ல கிடக்கிற பிள்ள மாதிரி. அஞ்சு வண்டி ஓட்டிட்டேன். ஒண்ணுலயும் அது இல்ல. அதே மாதிரி முனகுற புது வண்டி எங்க கிடைக்கும்? அதச் சொல்லுங்க."

ஜெயசீலி தன் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அந்த முனகல் எப்ப இருந்து சார்?"

"போன ஐப்பசி மழைக்கப்புறம். வயசாக வயசாகத்தானே குரல் கனியும்!" அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சீட்டைக் கழட்டுங்க."

"எதுக்கு டீச்சர்? நான் கேட்டதுக்கு…"

"கழட்டுங்க."

அவர் கழற்றினார். பெட்ரோல் டாங்கியையும் இறக்கச் சொன்னாள். இறக்கினார். அவள் மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் கொடுத்து, சீட்டுக்கு அடியில் ஓடும் குழாயைத் துடைக்கச் சொன்னாள். பின்சக்கரத்தின் பாரம் முழுவதையும் தாங்குகிற குழாய் அது.

பவுன்ராஜ் துடைத்தார். இருபத்தொரு வருட அழுக்கு துணியில் வந்தது. ஓரிடத்தில் துணி மாட்டிக்கொண்டு நூல் பிரிந்தது.

குனிந்து பார்த்தார். மயிரிழை போல ஒரு கோடு.

"பெயின்ட் உரிஞ்சிருக்கு" என்றார்.

ஜெயசீலி வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்கி விட்டாள். கோடு வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. உள்ளே செம்பழுப்பாகத் துரு. குழாயில் முக்கால் சுற்று அறுந்திருந்தது. ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு விரல் அகலம்.

அவள் தூக்கி விடும்போதெல்லாம், விரிசலின் இரண்டு உதடுகளும் உரசி, மெல்ல ஒரு சத்தம் வந்தது.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

பவுன்ராஜின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது. அது சிமெண்டுத் தரையில் உருண்டு நின்ற பிறகும் அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழம…" என்றார். "ஞாயித்துக்கிழம போடிமெட்டு மலை எறங்குனோம். பரமேஸ்வரி பின்னாடி உட்கார்ந்திருந்தா."

ஜெயசீலி வண்டியின் பின்பக்கத்தை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் பள்ளம். நான் அம்பதுக்குக் கொறையல. அந்தச் சத்தத்தைக் கேக்கணும்னே முறுக்குனேன் டீச்சர்." உள்ளங்கையைப் பார்த்தார். திடீரென்று கோபம் வந்தது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க இன்னைக்குத்தான் முனகல்னு சொல்றீங்க. வாசல்ல நுழையும்போது வண்டியோட பின்பக்கம் வால் ஆட்டுற மாதிரி ஆடிக்கிட்டு வந்துச்சு. நான் ரெண்டையும் சேர்த்துப் பார்த்தேன்."

கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"இருபத்தொரு வருஷம் கூடவே இருந்துட்டு, எனக்கு ஒரு வார்த்த சொல்லாம இருந்திருக்கே" என்றார்.

"ஒருத்தருமே சொல்லலையா சார்?"

அவர் தலை நிமிர்ந்தார். பதினோராவது வளைவு ஞாபகத்துக்கு வந்தது. பரமேஸ்வரி அவர் தோளைத் தட்டியது. "ஏங்க, எனக்குக் கீழ என்னமோ ஆடுதுங்க" என்றது. அவர் திரும்பாமலே பதில் சொன்னது.

"என்ன சொன்னீங்க?" ஜெயசீலி கேட்டாள்.

"வண்டி பாடுது, பேசாம வான்னேன்."

ரோட்டில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று போனது.

"ஒட்ட வைக்கலாமா?" அவர் விரிசலைக் காட்டிக் கேட்டார்.

"வைக்கலாம். கண்காட்சிக்கு நிறுத்தலாம். மலை ஏறக் கூடாது."

பவுன்ராஜ் எழுந்தார். குழாயின் மேல் கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டார்.

"அப்ப நான் எந்த வண்டிய வாங்கட்டும் டீச்சர்?"

ஜெயசீலி கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்தாள்.

"அஞ்சு வண்டி ஓட்டிப் பார்த்தீங்களே சார், எந்த வண்டியில உங்க வீட்டம்மா பின்னாடி உட்கார்ந்து பார்த்தாங்க?"

"ஒண்ணுலயும் இல்ல டீச்சர்" என்றார் பவுன்ராஜ்.