மூணு எலை, ஒரு கூடை

"அம்மா, நீங்க சொன்னது பொய்யாப் போச்சு!"

குடிசைக்குள்ள செருப்போட நுழைஞ்சு இப்படித்தான் ஆரம்பிச்சாரு மாசானமுத்து. அறுவத்திரண்டு வயசு. முப்பது வருஷம் லாரி ஓட்டின ஆளு. உக்காந்தாலும் வலது காலு ஆடிக்கிட்டே கெடக்கும், பிரேக்கைத் தேடுற மாதிரி.

ஆவுடையம்மாவுக்கு அவரைவிட இருவது வயசு கம்மி. பேச்சு அதைவிடக் கம்மி. அதனாலதான் குருன்னு பேரு வந்துச்சு. வாயாடியா இருந்திருந்தா பக்கத்து வீட்டுக்காரின்னு விட்டிருப்பாங்க.

"செருப்பு" அப்படின்னாங்க.

போய்க் கழட்டிட்டு வந்தாரு. கொண்டாந்த பூக்கூடையை அவங்க காலடியில வச்சாரு. கூடை தளும்புது.

"என்ன பொய்?"

"பூசணிப் பிஞ்சு நிக்காம வெம்பி விழுது, தேனீ வரலைன்னேன். வேலியோரம் ஆவாரை, நொச்சி, எருக்குன்னு நம்மூருச் செடியா வைங்க, வருஷா வருஷம் பூக்கும், தேனீ தானா வரும்னிய. வச்சேன். ரெண்டு வருஷமாச்சு. ஒரு ஈ எட்டிப் பாக்கல!"

"வரும்."

"எப்பம்மா? இந்தத் தடவையும் காய் நிக்கலேன்னா தோட்டத்தைக் குடுத்துட்டு வாங்கன்னு மவன் சொல்லிட்டான். சென்னையில ஆறாவது மாடி. அங்க போயி நான் என்ன, கொடியில துணி காயுததையா பாத்துக்கிட்டு இருக்க?"

"தண்ணி ஊத்துறியளா?"

"ஊத்துதேன்."

"மருந்து?"

"மூச்! தொடுறதே இல்ல."

"வேற?"

"வேற என்ன. விடியுமுன்ன எந்திரிச்சு, வேலியில பூத்ததை ஒண்ணு விடாமப் பறிச்சு, எங்க குலசாமி சுடலைக்குப் போட்டுட்டு, மிச்சத்தை உங்களுக்குக் கொண்டாரேன். பக்தியில ஒரு கொறை சொல்ல முடியாது, பாத்துக்கிடுங்க."

ஆவுடையம்மா கூடையைப் பாத்தாங்க.

"சாப்பிட்டுப் போங்க, அண்ணாச்சி."

எலை விழுந்துச்சு. சுடுசோறு, சுண்டவத்தக் கொழம்பு, பொரிச்ச அப்பளம். மாசானமுத்து சோத்துல குழி பறிச்சுக் கையை வச்சாரு. சோத்தைக் காணோம்.

அம்மா எலையோட தூக்கி மூலையில இருந்த பிள்ளையார் முன்னால வச்சிட்டாங்க.

"சாமிக்கு."

"சரி சரி. சாமிக்குத்தான் மொத."

ரெண்டாவது எலை. அப்பளத்தை ஒடிக்கல, அதும் போச்சு.

"சாமிக்கு."

மாசானமுத்துக்குக் காலு நிக்கல. பசி காதை அடைக்குது. மூணாவது எலை வந்ததும் ரெண்டு கையாலயும் அணை கட்டினாரு. அணைக்கு நடுவுல புகுந்து உருவிட்டாங்க.

"சாமிக்கு."

"எம்மா!" எந்திரிச்சே நின்னுட்டாரு. "பிள்ளையாருக்கு ஒரு கைப்பிடி வச்சா கோவிச்சுக்கிடவா போறாரு? எல்லாத்தையும் வழிச்சு அங்க கொண்டு வச்சா, வாசல் தேடி வந்தவன் என்னத்தத் திங்க? இனிமே எவன் உங்க வீட்டை எட்டிப் பாப்பான்?"

அம்மா காலால கூடையை அவர் பக்கம் மெல்லத் தள்ளினாங்க.

மாசானமுத்து கூடையைப் பாத்தாரு.

காலு நின்னுச்சு.

நாலாவது எலை போட்டாங்க. அதை யாரும் எடுக்கல. அவருதான் சாப்பிட மறந்துட்டாரு.

எட்டு நாளா ஆளையே காணோம். ஒம்பதாம் நாளு வெயிலேறி வந்தாரு. செருப்பை வாசல்லயே விட்டுட்டு, கூடையைக் கொண்டாந்து வச்சாரு. அடியில ஒத்தை எருக்கம்பூ.

"மிச்சம் எங்க, அண்ணாச்சி?"

மாசானமுத்து வாயில வெரலை வச்சாரு.

"மெல்லப் பேசுங்கம்மா. தோட்டத்துல பந்தி நடக்குது."