பத்துச் சிரட்டைச் சண்டை

ஏரிக்கரை மேட்டில் இருந்த வளையை முள்ளம்பன்றி காலி செய்துவிட்டுப் போனது. அந்த வளை தனக்கு வேண்டும் என்று கீரி கேட்டது. உடும்பும் கேட்டது. மழைக்காலம் நெருங்கிவிட்டது. மழை வந்தால் பள்ளத்து வளைகள் எல்லாம் மூழ்கிவிடும். கீரி குடியிருந்ததோ பள்ளத்தில். அதன் வீட்டில் கண் திறக்காத குட்டிகள் மூன்று கிடந்தன.

அந்தக் காட்டில் இப்படி வழக்கு வந்தால் மல்யுத்தம்தான் தீர்ப்பு. வற்றிய குட்டையின் நடுவே வட்டம் போடுவார்கள். ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டையை ஓரத்துக் குழியில் தேங்கிய தண்ணீரில் மிதக்க விடுவார்கள். சிரட்டை நிரம்பி முழுகினால் ஒரு சுற்று முடிந்தது என்று கணக்கு. மொத்தம் மூன்று சுற்று. அதற்குள் எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும். இருவருமே உள்ளே நின்றால், யார் நன்றாக மோதினார் என்று பார்த்து நாரை தீர்ப்புச் சொல்லும்.

அந்த முறை நரி குறுக்கே புகுந்தது. நரிக்கு வளை எதுவும் வேண்டாம். வேடிக்கை போதும்.

"மூன்று சிரட்டை எந்த மூலைக்கு? உட்கார்ந்து சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. பத்தாக்குங்கள்" என்றது நரி.

கூட்டம் முழுவதும் "பத்து, பத்து" என்று கத்தியது.

நாரை இருவரையும் கேட்டது. "உங்களுக்குச் சம்மதமா?"

"எத்தனையானாலும் சரி" என்றது உடும்பு. அது அதிகம் பேசாத பிராணி.

கீரி வாலைச் சிலிர்த்துக்கொண்டது. "என் வேகத்தைப் பார்க்க இத்தனை பேர் வந்திருக்கிறார்கள். மூன்றில் என்னத்தைக் காட்டுவது? பத்தே இருக்கட்டும்."

"உங்களுக்குப் புத்தி இருக்கிறதா? நமக்கு வேண்டியது வளை. கைதட்டலா?" என்றது அதன் மனைவி.

"நீ சும்மா இரு. எல்லாம் எனக்குத் தெரியும்" என்றது கீரி. இப்படிச் சொல்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

முதல் சிரட்டை மிதந்தது. கீரி பாய்ந்தது, புரண்டது, உடும்பின் முதுகின் மேல் தாவி அந்தப் பக்கம் குதித்தது. குரங்குகள் கிளையை உலுக்கின. இரண்டாம் சிரட்டையில் உடும்பு வட்டத்தின் விளிம்பில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிந்தது. ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

"தள்ளுங்க! தள்ளுங்க!" என்று மனைவி அலறியது.

"இன்னும் எட்டுச் சிரட்டை இருக்கிறது. இப்போதே முடித்தால் வந்தவர்களுக்கு ஆசை தீருமா?" என்ற கீரி, ஒரு குட்டிக்கரணம் அடித்துக் காட்டியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. உடும்பு மெல்லத் திரும்பிப் படுத்து, நகர்ந்து, வட்டத்தின் நடுவுக்கு வந்துவிட்டது.

மூன்றாம் சிரட்டை முழுகியது. பழைய முறையாக இருந்தால் நாரை அப்போதே கீரியின் பக்கம் அலகை நீட்டியிருக்கும். இப்போது அது நான்காம் சிரட்டையை எடுத்து வைத்தது.

உடும்பு நான்கு கால் நகங்களையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு அசையாமல் கிடந்தது. கீரி மோதிப் பார்த்தது. கல்லில் மோதியது போல இருந்தது. மூச்சு வாங்கியது. மீதிச் சுற்றுகளுக்குத் தெம்பு வேண்டுமே என்று அதுவும் ஒதுங்கி நின்றது. இது அதைப் பார்த்தது, அது இதைப் பார்த்தது. ஐந்தும் ஆறும் அப்படியே போயின. குரங்குகள் பேன் பார்க்கத் தொடங்கின. முயல் உட்கார்ந்தபடி தூங்கியது.

ஏழாவதில் நரி எழுந்து கொட்டாவி விட்டது. "இதைப் பார்க்கவா வந்தேன்? எங்கள் வீட்டிலும் எல்லோரும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு நண்டு பிடிக்கப் போனது. பத்துக் கேட்ட வாய் அதுதான். அதைச் சொல்லி ஒருவரும் நரியைக் கேட்கவில்லை. அவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

ஒன்பதாவதில் கீரியின் கால்கள் நடுங்கின. அதுவரை சும்மா கிடந்த உடும்பு அப்போதுதான் எழுந்தது. கீரியின் பின்னங்காலைப் பிடித்தது. உடும்புப் பிடி என்றால் சும்மாவா? அவசரமே படாமல் இழுத்துக்கொண்டு போய் வட்டத்துக்கு வெளியே விட்டது. கைதட்ட அங்கே யாரும் இல்லை. நாரையும் தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. உடும்பு மேட்டு வளைக்குள் சுருண்டு படுத்தது. பள்ளத்து வளைக்குள் தண்ணீர் சலசலவென்று இறங்கியது. கீரி ஒரு குட்டியை வாயில் கவ்வி வெளியே வந்தது. மனைவி இன்னொன்றைக் கவ்வி வந்தது. மூன்றாவது குட்டி உள்ளேயே கிடந்தது.

இரண்டையும் ஒரு புதருக்குள் விட்டதும் கீரி மூச்சிரைக்க நின்றது. "கொஞ்சம் பொறு. இதோ போகிறேன்."

"எத்தனை சிரட்டை பொறுக்க?" என்று கேட்டுவிட்டு, மனைவி பதிலுக்கு நிற்காமல் தண்ணீருக்குள் பாய்ந்தது.

மூன்றாவது குட்டி பிழைத்தது. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் கீரி தன் வேகத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

நேரம் நிறைய இருக்கிறது என்று நம்பி, முடிக்க வேண்டியதை முடிக்கிற சமயத்தில் முடிக்காதவன், கைக்கு வந்த வெற்றியையும் இழப்பான்.