நாலாம் ஏட்டில் வந்த சூரியன்

முன்னொரு காலத்தில் ஆழிக்குடிச் சீமையைக் காங்கேய ராசா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. எது எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

அவருக்கு ஒருநாள் ஆசை வந்தது. உலகம் உண்டான கதையை ஒவ்வொரு மதத்தாரும் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், சொல்லும் கதையை எழுதும் வேலை அரண்மனை ஓலைக்காரன் சந்தியாகுவுக்கு விழுந்தது. அவனும் அந்த வேதத்துக்காரன்தான். படைப்பின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏடாக எழுதி, கயிற்றில் கோத்து, சபையில் வாசித்தான்.

முதல் ஏட்டில், இருட்டும் தண்ணீருமாய்க் கிடந்த இடத்தில் கடவுள் வெளிச்சம் வரச் சொன்னார்; வந்தது. நாலாம் ஏட்டில்தான் சூரியனைப் படைத்தார். பகலைப் பார்த்துக்கொள் என்றார்.

“நிறுத்தடா!” என்றார் முத்திரை அதிகாரி கச்சிராயர். சந்தியாகுவின் கையெழுத்தை ராசா இரண்டு தரம் புகழ்ந்துவிட்டார். அதிலிருந்தே ராயருக்கு வயிற்றெரிச்சல்.

“மகாராசா, சூரியன் நாலாம் நாள்தான் வந்ததாம். முதல் நாள் வெளிச்சத்தை இவன் மாமனா கொண்டுவந்தான்? ஏட்டை மாற்றிக் கோத்துவிட்டு வேதம் என்கிறான்! சூரியன் இல்லாத வெளிச்சமா? என் முத்திரை இல்லாத உத்தரவா? நான் இல்லாமல் இந்தச் சீமையில் ஒரு மடை திறக்குமா?”

சபை சிரித்தது. ராசாவும் சிரித்தார். சிரித்த வாயோடே சொன்னார்:

“சந்தியாகு, நாலாம் ஏட்டை முதலில் கோத்துவிடு. மாட்டாயா, பொழுது சாய்வதற்குள் எனக்குப் புரியும்படி காட்டு. இரண்டும் இல்லையென்றால் உன் இடது கட்டைவிரல் எனக்கு.”

சந்தியாகு தன் கட்டைவிரலைப் பார்த்தான். அந்த நகத்தில் வெட்டிய பள்ளத்தில்தான் எழுத்தாணி உட்காரும். அது போனால் எழுத்தும் போச்சு, சோறும் போச்சு. கயிற்றை அவிழ்க்க ஒரு நொடி போதும். ஆனால் கை வரவில்லை. ராயர் சொன்னதை மனசுக்குள் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தான்.

“மகாராசா, ராயர் பசியோடு நிற்கிறார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரட்டுமே.”

“இப்போதாவது மரியாதை தெரிந்ததே!” என்று ராயர் பல்லக்கில் ஏறினார். அவர் சாப்பிட்டால் ஒரு தூக்கமும் போடுவார். ஊருக்கே தெரியும்.

அவர் தலை மறைந்ததும் சந்தியாகு சொன்னான்: “கிழக்கு மடையைத் திறக்கச் சொல்லி மனு வந்து பன்னிரண்டு நாள் ஆச்சு, மகாராசா. முத்திரைக்காகக் கிடக்கிறது. பயிர் கருகுது. தாங்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

“முத்திரை?”

“வார்த்தை போதும்.”

ராசா உப்பரிகையில் நின்று, கீழே நின்ற மடைக்காவலன் வேம்பனைப் பார்த்துக் கத்தினார்: “மடை திறக்கட்டும்!”

வேம்பன் ஓடினான். மடை திறந்தது.

பொழுது சாயும் நேரம் ராயர் வந்தார். வழியில் வாய்க்கால் புரண்டு ஓட, பல்லக்கை விட்டு இறங்கித் தண்ணீரில் நடந்திருக்கிறார். பட்டு வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

“எவன் திறந்தான்? நான் முத்திரை வைக்கவே இல்லையே! நான் இல்லாமல் தண்ணீர் எப்படி வந்தது?”

“நான் சொன்னேன், வந்தது” என்றார் ராசா.

சொன்னவர் அப்படியே நின்றார். தான் சொன்னதைத் தன் காதாலேயே கேட்ட மாதிரி ஒரு முழி.

“சந்தியாகு, அந்த முதல் ஏட்டை மறுபடி படி.”

படித்தான். “கடவுள் வெளிச்சம் வரச் சொன்னார்; வந்தது.”

ராயரின் குரல் இறங்கிவிட்டது. “அப்போ எனக்கு என்னதான் வேலை?”

சந்தியாகுவுக்குப் பாவமாகப் போயிற்று. “சூரியனுக்கும் வேலை உண்டே, ஐயா. வெளிச்சம் அதற்கு முந்தி வந்ததுதான். ஆனாலும் பகலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? திறந்த மடையை வேளைக்கு அடைக்க வேண்டாமா?”

“வேண்டும், வேண்டும்!” என்றார் ராசா. “ராயரே, பல்லக்கு இங்கேயே இருக்கட்டும். நடந்து போய் மடையடியில் நில்லும். வயல் நிறைந்ததும் உம் கையால் அடையும்.”

பிறகு தன் மோதிரத்தைக் கழற்றி, வெட்டப்போகிறேன் என்ற அதே கட்டைவிரலில் மாட்டினார். சந்தியாகு நெளிந்தான்.

“மகாராசா, எழுத்தாணிக்கு இடிக்குது. வேற விரல்ல போடுங்க.”

ராயரை அன்றிலிருந்து ஊர் ‘நாலாம்நாள் ராயர்’ என்றது. பேர் ஒட்டிக்கொண்டது. பயிர் பிழைத்தது. ஏடு கோத்தது கோத்தபடியே இருந்தது. போய் வேலையைப் பாருங்கள்.