நீலக் குப்பியின் மூடி

ஒரு ஊரில் ஒரு ராசா என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. ராசா கதை உங்களுக்கு நிறையத் தெரியும். கடலில் பாய்மரம் மட்டுமே ஓடிய காலத்தில், பவளத்துறை என்ற பட்டினத்தில் வீரபாகு என்றொரு மிளகு வியாபாரி இருந்தான். இது அவன் கதை. பிள்ளைகளும் கேட்கலாம், பெரியவர்களும் கேட்கலாம். தங்கை உள்ளவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

வீரபாகுவுக்குக் குடி இல்லை, சூது இல்லை. இருந்த பைத்தியம் ஒன்றுதான், பழைய கண்ணாடிக் குப்பிகள். கப்பல் வந்தால் சரக்கு என்ன என்று கேட்க மாட்டான், பழங்குப்பி இருக்கிறதா என்றுதான் கேட்பான். அரபு தேசத்து அத்தர்க் குப்பி, சீன தேசத்து மருந்துக் குப்பி, பெயர் தெரியாத தீவில் மண்ணுக்குள் கிடந்து வானவில் நிறம் ஏறிய குப்பி என்று ஓர் அறை முழுக்க அடுக்கி வைத்திருந்தான். மிளகு மூட்டையில் எலி புகுந்தால்கூடக் கவலைப்பட மாட்டான், அந்த அறைக்குள் ஈ புகுந்தால் பொறுக்க மாட்டான்.

அத்தனைக்கும் நடுவில் ஒரு நீலக் குப்பி இருந்தது. அது அவன் தாயுடையது. அவள் அதில் தாழம்பூ அத்தர் வைத்திருந்தாள். நல்ல நாளில் மகன் காதோரம் ஒரு சொட்டு, மகள் காதோரம் ஒரு சொட்டு தடவுவாள். அவள் போன பிறகு அடியில் கொஞ்சம் அத்தர் மிஞ்சியது. குப்பியின் மூடியை மட்டும் காணோம்.

மூடிதானே என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்துக் குப்பிக்காரர்கள் கழுத்தையும் மூடியையும் ஒன்றோடொன்று வைத்துத் தேய்த்துப் பொருத்துவார்கள். ஒரு குப்பியின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. வீரபாகு துணியை அடைத்துப் பார்த்தான், மெழுகை அடைத்துப் பார்த்தான், மரத்தைக் கடைந்து அடைத்துப் பார்த்தான். வாசம் கசிந்துகொண்டேதான் இருந்தது. அம்மாவின் வாசம் வருஷத்துக்கு வருஷம் குறைவதை அவனால் தாங்க முடியவில்லை. மூடியைத் தேடி ஊர் ஊராக அலைந்தான்.

மூடி எங்கே இருந்தது தெரியுமா? அவன் தங்கை செண்பகவடிவின் பெட்டிக்குள் இருந்தது. ஒரு நாள் வண்டிப் பயணத்தில் இருக்கும் ஆற்றூரில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தாய் கண்மூடும் முன் மகளைத் தனியே கூப்பிட்டு, அந்த மூடியை அவள் முந்தானையில் முடிந்துவிட்டாள்.

"உன் அண்ணனுக்குக் குப்பி போதும், மனுஷர் வேண்டாம். இது உன்னிடம் இருக்கட்டும். உன் பிள்ளைக்கு அவன் மாமன் சீர் கொண்டு வருகிற நாளில், வெற்றிலைத் தட்டில் வைத்து அவன் கையில் கொடு" என்றாள்.

கெட்டிக்காரத் தாய்தான். மகன் விஷயத்தில் மட்டும் அவள் கெட்டிக்காரத்தனம் பலிக்கவில்லை.

செண்பகவடிவுக்கு ஒரு பெண் பிறந்தாள், பெயர் உலகம்மை. காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதானே பிள்ளை காது குத்திக்கொள்ள வேண்டும்? தங்கை ஆள் அனுப்பினாள். அன்றைக்கென்று துறைமுகத்தில் அரபுக் கப்பல் வந்து நின்றது. வீரபாகு போகவில்லை. யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்து அழுதது. தட்டில் எடுத்து வைத்த மூடியைச் செண்பகவடிவு திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

உலகம்மை பெரியவளானாள். மாமன் பச்சை ஓலை வெட்டி வந்து குடிசை கட்ட வேண்டும். தங்கை மறுபடியும் ஆள் அனுப்பினாள். வடக்கே ஓர் அரண்மனை நொடித்துப்போய்ப் பழஞ்சாமான் விற்பதாகக் கேள்விப்பட்டு வீரபாகு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். "ஓலையை யார் கட்டினால் என்ன?" என்று சொல்லி அனுப்பிவிட்டான். மூடி மறுபடியும் பெட்டிக்குள் போனது.

"அது உன்னிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பேன்" என்றான் செண்பகவடிவின் புருஷன்.

"சொன்னால் விடிவதற்குள் வந்து நிற்பான். மூடிக்கு வருவான். நான் கூப்பிட்டது என் பிள்ளைக்கு" என்றாள் அவள்.

அவளுக்கும் வீம்பு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு உலகம்மைக்குக் கல்யாணம். இந்தத் தடவை வீரபாகு கிளம்பியே விட்டான், நம்புங்கள். பட்டுச்சேலை, மாலை, பழத்தட்டு எல்லாம் வண்டியில் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்தான். பாதி வழியில் ஒரு சத்திரம். அங்கே ஓர் அத்தர் வியாபாரி வாயைத் திறந்தான்.

"தென்துறையில் ஒருவரிடம் நீல மூடி ஒன்று தனியாகக் கிடக்கிறதே, பார்த்தீர்களா?"

வீரபாகு வண்டியை விட்டு இறங்கினான்.

"மாமன் இல்லாமல் சீர் மட்டும் போனால் நன்றாகவா இருக்கும், முதலாளி?" என்றான் வண்டிக்காரன்.

"சீர் போனால் நான் போன மாதிரிதான். நீ ஓட்டு."

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகச் சொல்வார்களே, அது இவனுக்காகவே சொன்னதுதான். தென்துறை மூடி அவன் குப்பியின் கழுத்தில் பாதிகூட இறங்கவில்லை.

ஆற்றூரில் வண்டி வந்து நின்றது. செண்பகவடிவு பட்டுச்சேலையைப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால் யாராவது நடந்து வருகிறார்களா என்று முகூர்த்தம் நெருங்கும்வரை சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமன் கைப்பிடித்து அழைத்து வர வேண்டிய பெண், அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்குப் போனாள். மூடி மூன்றாவது தடவையும் பெட்டிக்குள் போனது.

அடுத்த மழைக்காலத்தில் செண்பகவடிவுக்குக் காய்ச்சல் கண்டது. கண்டது இறங்கவில்லை.

பவளத்துறைக்கு ஆள் வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே வீரபாகுவுக்குப் புரிந்துவிட்டது. செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வர வேண்டும். அண்ணன் கோடி போட்டால்தான் தூக்குவார்கள். அது பிறந்த வீட்டின் கடைசிச் சீர். அன்றும் துறையில் கப்பல் நின்றது. வீரபாகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. கோடிச் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆற்றூர் வந்து சேர்ந்தான். ஊரே அவனுக்காகக் காத்திருந்தது.

அவன் தங்கை மேல் கோடியைப் போர்த்தினான். உலகம்மை எழுந்து வந்தாள். சாவு வீட்டில் ஏது வெற்றிலைத் தட்டு? ஒரு பழைய முந்தானைத் துண்டில் முடிந்ததை அவன் கையில் வைத்தாள்.

"நீங்கள் சீர் கொண்டு வருகிற நாளில் உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று அம்மா வைத்திருந்தாள், மாமா. இன்றைக்குத்தான் கொண்டு வந்திருக்கிறீர்கள்."

வீரபாகு முடிச்சை அவிழ்த்தான். உள்ளே குப்பியின் மூடி இருந்தது.

"எப்போதிருந்து இது இங்கே இருக்கிறது?"

"என் காதுகுத்துக்கு முன்னாலிருந்து."

அவன் தங்கையின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். செத்தவளுக்கு அழுகிறானா, மூன்று தடவை வராமல் போனதற்கு அழுகிறானா என்று ஊருக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, நீலக் குப்பியை எடுத்து முகர்ந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. மூடியை வைத்து அழுத்தினான். மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியது. அம்மாவின் வாசம் எப்போதோ போய்விட்டிருந்தது. மூடியில் மட்டும் தங்கை பெட்டியின் மஞ்சள் வாசம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை உள்ளே அடைத்து வைக்க அவனுக்கு வழி தெரியவில்லை.

இவ்வளவுதான் கதை, இனி நீதியைச் சொல்லிவிடுகிறேன்: உறவு கூப்பிடும்போதே போய்விட வேண்டும், பிறகு சுமந்து போகிற சீரை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.