கிளிப்பச்சை ஸ்வெட்டரும் குப்பணன் முதுகும்

ஊசிமலையில் ஒரு குடும்பம் இருந்தது. இருந்தது என்று சொல்ல ஊர்க்காரர்களுக்கு ஆசைதான். ஆனால் அது இன்னும் இருக்கிறது.

அந்த வீட்டுக்கு யோசனைக்காரர் வீடு என்று பெயர். அவர்கள் யோசிக்காமல் எதையும் செய்ததில்லை. யோசித்த பிறகு உருப்படியாகவும் எதையும் செய்ததில்லை. ஒருமுறை திடீர் மழையில், கொடியில் காயும் துணியை எடுப்பதா, குடையை எடுப்பதா என்று நடு வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்து, கொடிக்குக் குடை பிடித்தவர்கள். நாலு பேரும் நனைந்து காய்ச்சலில் கிடந்தார்கள். துணி மட்டும் ஓரளவுக்குக் காய்ந்தே இருந்தது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

வீட்டுக்குப் பெரியவர் நாச்சிமுத்து. தொண்டையைக் கனைத்துவிட்டு அவர் சொல்வதெல்லாம் தீர்ப்பு. மூத்த மகன் குப்பணன், ஊருக்குக் குடிநீர்க் குழாய் வால்வு திறந்துவிடுகிற வேலையில் இருப்பவன். இளையவன் ஆறுச்சாமி, கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதே சரி என்று சொல்வதை முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவன். நாலாவது ஆள் குப்பணன் மனைவி மயிலாத்தாள். அவள் சமவெளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், எட்டாம் வகுப்பு பாஸ். இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் மூளை என்று அவளுக்கு ஓர் எண்ணம். அந்த ஓர் எண்ணமே அவளை அந்த வீட்டுக்குப் பொருத்தமான மருமகளாக்கியிருந்தது.

மயிலாத்தாளின் அக்கா ருக்குமணியும் அதே ஊரில்தான் இருந்தாள். வருஷா வருஷம் மே மாதம் நடக்கும் மலர்க்கண்காட்சியில் பின்னல் பிரிவில் முதல் பரிசு அவளுக்குத்தான். கோப்பைகளை டிவி மேல் வரிசையாக வைத்து, விருந்தாளி வந்தால் டிவியைப் போடாமல் கோப்பைகளைக் காட்டுவாள்.

பொங்கலுக்கு வந்த ருக்குமணி தங்கை வீட்டை ஒரு சுற்று பார்த்தாள். கைப்பிடி போடாத வயர் கூடை ஒன்று. தலை இல்லாத மயில் தைத்த தலையணை உறை ஒன்று. ஒரு சக்கரம் வரைக்கும் பெயின்ட் அடித்த தையல் மெஷின் ஒன்று.

"எதையாவது ஒண்ணை முடிச்சிருக்கியா மயிலு, உன்ற ஆயுசுல?" என்றாள், முறுக்கைக் கடித்துக்கொண்டே. "ஒரே ஒரு ஸ்வெட்டர் போட்டு என்னைத் தோக்கடி பார்க்கலாம். அப்புறம் நான் ஊசியையே தொடமாட்டேன்."

மயிலாத்தாள் அடுப்படிக்குள் போய் அழுதாள். உண்மை என்பதால் நன்றாகவே சுட்டது. அன்றைக்கே முடிவு செய்தாள், இந்த வருஷம் முதல் பரிசு தனக்குத்தான்.

பின்னல் சொல்லிக்கொடுக்கும் ஸ்டெல்லா டீச்சரிடம் ஒரு மாதம் போனாள். ஊசி பிடிக்கும் கை அவளுக்கு நன்றாகவே வாய்த்திருந்தது. வராதது வேறு. டீச்சர் பெங்களூரில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது நாலு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். "காலைல கண்ணு முழிச்சதும் படற இடத்துல உன் குறிக்கோளை எழுதி ஒட்டு. போடப்போறவர் உடம்புலயே அளவு பார்த்துப் பார்த்துப் போடு. பாதியில ஊசியை உருவாதே, கண்ணி அவுந்துடும். நூல் பத்தலைன்னா வேற லாட் நூலை மட்டும் சேர்க்காதே, சாயம் வித்தியாசப்படும். அதே நூல்தான்." டீச்சரின் போன் நம்பரை மறக்காமல் இருக்கச் சுவரில் எழுதிவைத்தார்கள். மறுவாரம் சுவருக்கு வெள்ளையடித்தார்கள்.

முதல் காரியம், குறிக்கோளை ஒட்டுவது. மயிலாத்தாள் 'முதல் பரிசு' என்று கொட்டை எழுத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். எங்கே ஒட்டுவது என்று கூட்டம் கூடியது.

"கதவுல ஒட்டலாம்," என்றான் குப்பணன்.

"கண்ணு முழிச்சதும் நான் கதவையா பார்க்கறேன்?" என்றாள் மயிலாத்தாள். "உங்க முதுகைத்தானுங்க பார்க்கறேன். நீங்கதான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கறீங்களே."

நாச்சிமுத்து கனைத்தார். "அப்ப முதுகுலதான் ஒட்டணும். டீச்சர் சொன்னது சொன்னபடி நடக்கணும்."

மைதா பசை காய்ச்சி, குப்பணனின் பனியன் முதுகில் தாளை ஒட்டினார்கள். அவன் குளிரில் நடுங்கிக்கொண்டே நின்றான், பசை காயும்வரை.

அடுத்தது நூல். டீச்சர் பத்துக் கண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார். "பத்து சாதாரண ஆம்பளைக்கு," என்றார் நாச்சிமுத்து. "இவன் ஒல்லி. அதுவும் இடது கையை இவன் அவ்வளவா உபயோகிக்கறதில்ல. ஒம்பது போதும்." கடையில் அந்தக் கிளிப்பச்சை லாட்டில் பத்தே கண்டுதான் மிச்சம் இருந்தது. ஒன்பதை வாங்கிக்கொண்டு, பத்தாவதைக் கடைக்காரர் எவ்வளவு சொல்லியும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அன்று மாலையே அதை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பின்னல் தொடங்கியது. டீச்சர் கற்றுக்கொடுத்த முறை கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்குவது. உடம்பிலேயே அளவு பார் என்று சொல்லியிருந்ததால், மயிலாத்தாள் நாலு ஊசியைக் கொண்டு குப்பணனின் கழுத்தைச் சுற்றியே பின்ன ஆரம்பித்தாள். மார்பு வரை இறங்கியபோது விடிந்து அவன் வேலைக்குப் போகவேண்டியிருந்தது.

"கழட்டிட்டுப் போயிட்டு வர்றேன்," என்றான் குப்பணன்.

"ஊசியை உருவக் கூடாதுங்க."

"ஊசியோடவே கழட்டறேன்."

"நாலு ஊசி மூஞ்சிக்கு நேரா வரும், அண்ணா," என்றான் ஆறுச்சாமி. "கண்ணு ரெண்டுதான் இருக்கு."

இந்தக் கணக்கில் எல்லோரும் மனம் கலங்கிப்போனார்கள். குப்பணன் ஸ்வெட்டரோடும் ஊசிகளோடும் வால்வு திறக்கப் போனான். பின்னால் ஆறுச்சாமி நூல்கண்டை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனான். அன்றிலிருந்து குப்பணன் அந்த ஸ்வெட்டரிலேயே உண்டான், உறங்கினான். குளிப்பது ஒத்திவைக்கப்பட்டது. பசைத் தாள் ஒட்டிய பனியன் உள்ளே அப்படியே கிடந்தது.

"குறிக்கோள் இப்ப மறைஞ்சு போச்சே," என்று ஒருநாள் காலையில் மயிலாத்தாள் கவலைப்பட்டாள்.

"மறைஞ்சா என்னம்மா, உள்ளே இருக்குதல்ல," என்றார் நாச்சிமுத்து. அவளுக்கும் அது சரியென்று பட்டது.

உடம்பு முடிந்தது, இடுப்பில் அழகாகக் கட்டி முடித்தாள். வலது கை முடிந்தது. இடது கை முழங்கை வரை வந்தபோது நூல் தீர்ந்துபோயிற்று. கண்காட்சிக்கு ஒரு வாரம்தான் பாக்கி.

மயிலாத்தாளுக்குக் கை கால் ஓடவில்லை. ருக்குமணியின் முறுக்குச் சத்தம் காதில் கேட்டது. ஊரில் அந்த லாட் நூல் இல்லை. நல்ல மூளை உள்ளவள் ஒருத்தி வேறு நிறத்தில் பட்டை போட்டிருப்பாள். இவளுக்கு இருந்தது எட்டாம் வகுப்பு மூளை, அதையும் வீட்டார் மூன்று பேர் உதவியோடு பயன்படுத்தினாள்.

"அதே நூல் வேணும்னுதானே சொன்னாங்க?" என்றாள் யோசித்து. "அதே நூல் எங்கயும் போகலையே. இங்கதானே இருக்கு." குப்பணனின் இடுப்பைக் காட்டினாள்.

எல்லோரும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள். அவளுக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்தது. இடுப்பில் கட்டியிருந்ததைப் பிரித்து, நூலை உருவி உருவி இடது கையைப் பின்னி முடித்தாள். சாயம் கொஞ்சம்கூட வித்தியாசப்படவில்லை.

மறுநாள் டீச்சர் சொன்னபடி அளவு பார்த்தார்கள். ஸ்வெட்டர் தொப்புளுக்கு மேலே நின்றது.

"நேத்து இடுப்பு வரைக்கும் இருந்துச்சே," என்றான் குப்பணன் பயந்துபோய்.

நாச்சிமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பையன் வளர்றான்."

"நாப்பத்தோரு வயசுலயா மாமா?" என்றாள் மயிலாத்தாள்.

"சில பேருக்குத் தாமதமா வரும்மா. கண்காட்சி வரைக்கும் சோத்தைக் குறை."

சோற்றைக் குறைத்தார்கள். மயிலாத்தாள் வலது கையின் மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் பிரித்து இடுப்பைச் சரிக்கட்டினாள். அப்போது வலது கை குட்டையானது. அவன் கையும் வளர்கிறது என்று தெரிந்ததும் காலைக் காப்பியையும் நிறுத்தினார்கள். இடது கையிலிருந்து வலது கைக்கு, இடுப்பிலிருந்து இடது கைக்கு என்று அந்த வாரம் முழுவதும் நூல் அவன் உடம்பை ஊர்வலம் வந்தது. குப்பணன் பசியில் வாடினான். ஆனாலும் அளவு பார்க்கும் ஒவ்வொரு முறையும் வளர்ந்தே இருந்தான்.

சனிக்கிழமை வந்தது. கண்காட்சி விதி இப்படிச் சொன்னது: பொருட்களைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், ஞாயிறு மாலை ஐந்து மணி வரை எடுத்துச் செல்லக் கூடாது. மயிலாத்தாள் குப்பணனை ஒப்படைத்தாள்.

"ஸ்வெட்டரை மட்டும் வைங்கம்மா," என்றார் அங்கிருந்த குமாஸ்தா.

"இன்னும் ஒரு சாண் பாக்கி இருக்குங்க. ஊசியோட இருக்கு. கழட்ட முடியாது."

குமாஸ்தா அவளைப் பார்த்தார், பின்னால் நின்ற நாச்சிமுத்துவையும் வாளியோடு நின்ற ஆறுச்சாமியையும் பார்த்தார். யோசனைக்காரர் வீடு என்று தெரிந்துகொண்டார். இருபத்தேழாம் எண் அட்டையைக் குப்பணன் சட்டைப் பொத்தானில் மாட்டப் பார்த்து, சட்டை இல்லாததால் காதில் மாட்டி, மேஜைமேல் ஏற்றிவிட்டார். பக்கத்தில் இருபத்தாறாம் எண், ருக்குமணியின் ரோஜா நிற ஸ்வெட்டர், மடிப்புக் கலையாமல் இருந்தது. மயிலாத்தாள் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பின்னிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு காலை நடுவர் அம்மாள் வந்தார். அந்த நேரத்தில் நூல் எல்லாம் உடம்புக்கு வந்திருந்தது, இரண்டு கையும் காலி. நடுவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பின்னலைத் தடவிப் பார்த்தார். ஒரு கண்ணி பிசகில்லை.

"அம்மா, நான் பார்த்ததுலயே இதுதான் சுத்தமான வேலை," என்றார். "கையில்லாத ஸ்வெட்டரும் ஸ்வெட்டர்தான். இப்படியே ஊசியை வெச்சிடுங்க. சாப்பிட்டு வந்து மார்க் போடறேன்."

மயிலாத்தாள் தலையாட்டினாள். ஊசியை வைத்தாள். அப்போது ருக்குமணி அந்தப் பக்கமாக வந்து, "கை எங்கடி மயிலு? இதையும் பாதியிலயே விட்டுட்டியா?" என்றாள்.

வைத்த ஊசியை மயிலாத்தாள் எடுத்தாள். நடுவர் சாப்பாட்டுக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் கீழிருந்து பிரித்துக் கைக்குப் போட்டாள், கை குறைந்ததும் இன்னும் மேலே பிரித்தாள். அவசரத்தில் உருவிய நூல் பின்னுவதற்குள் சிக்காகி வாளியில் விழுந்தது. ஆறுச்சாமி அதைச் சிரத்தையாகக் கண்டாகச் சுற்றிக்கொண்டே வந்தான்.

இதற்கிடையே ஊரில் இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. வால்வு திறப்பவன் கண்காட்சி மேஜைமேல் நிற்கிறான் என்று கேள்விப்பட்டு, ஜனங்கள் காலிக் குடங்களோடு அரங்குக்குள் நுழைந்துவிட்டார்கள்.

"இறங்கி வாய்யா," என்று கத்தினார்கள்.

"அஞ்சு மணி வரைக்கும் எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க," என்றான் குப்பணன், மேஜைமேல் நின்று பணிவாக.

சத்தம் கேட்டுக் கண்காட்சித் தலைவர் ஓடிவந்தார். அவர் பின்பக்க வாசல் வழியாக வந்ததால் முதலில் தென்பட்டது குப்பணனின் முதுகு. ஸ்வெட்டர் அப்போது கழுத்துப்பட்டை அளவுக்கு வந்துவிட்டிருந்தது. அதற்குக் கீழே, மூன்று மாதப் பசையில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, கொட்டை எழுத்தில் 'முதல் பரிசு' என்று இருந்தது.

"நடுவர்தான் முடிவு பண்ணிட்டாங்களே, அப்புறம் எதுக்கு இவரை நிறுத்தி வெச்சிருக்கீங்க?" என்று குமாஸ்தாவைத் திட்டிவிட்டு, கோப்பையை எடுத்துவந்து குப்பணன் கையில் திணித்தார் தலைவர். "வாங்கிட்டுப் போய்த் தண்ணியைத் திறந்துவிடுங்க." குடக்காரர்கள் குடத்தைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

மயிலாத்தாள் ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதாள், இந்தமுறை சந்தோஷத்தில். ஆறுச்சாமி வாளியில் இருந்த கண்டுகளை எண்ணிப் பார்த்தான். கழுத்துப்பட்டை போக எட்டே முக்கால் கண்டு இருந்தது. "நூல் பத்தலைன்னீங்களே அண்ணி, இவ்வளவு மிச்சம்," என்றான்.

ருக்குமணி தன் ரோஜா நிற ஸ்வெட்டரைப் பார்த்தாள், கோப்பையோடு பனியனில் போகும் தங்கை புருஷனைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி; போட்டியின் போக்கு மாறிவிட்டது என்று உடனே பிடித்துக்கொண்டாள். சொன்ன சொல்லையும் காப்பாற்றினாள். அதற்குப் பிறகு ஊசியைத் தொடவே இல்லை.

மறுவருஷம் பின்னல் பிரிவில் நூல் என்று ஒரு இழைகூட வரவில்லை. பதினாலு புருஷன்மார் பனியனோடு மேஜைமேல் வரிசையாக நின்றார்கள். ருக்குமணியின் வீட்டுக்காரர் நடுவில், எண்ணெய் தேய்த்துக் குளித்து, நல்ல மினுமினுப்பாக இருந்தார். முதல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. குப்பணனுக்கு இரண்டாவது, உடம்பு பற்றவில்லை என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

அன்று மாலை வீட்டில் கூட்டம் கூடியது.

"இன்னும் ஒரு ஆளைச் சேர்த்துக்கிட்டாத்தான் ஜெயிக்க முடியுமுங்க மாமா," என்றாள் மயிலாத்தாள். "பக்கத்து வீட்டுக்காரரைக் கேக்கலாமா?"

நாச்சிமுத்து கனைத்தார். "வேற லாட்டைச் சேர்க்கவே கூடாதும்மா. டீச்சர் சொன்னது மறந்துபோச்சா?" என்று சொல்லிவிட்டு, தன் இளைய மகனை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

அதுவும் சரிதான் என்றான் ஆறுச்சாமி. மயிலாத்தாள் மைதா பசை காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தாள்.