மகளின் பெயரைக் கேட்ட ஞானி

எபிரேய மக்கள் மலைச்சரிவுகளில் ஆடு மேய்த்து, திராட்சை பயிரிட்டு வாழ்ந்த பழைய நாட்களில் நடந்தது இது, கேளுங்கள்.

கீலேயாத் மலையில் மில்காள் என்றொரு கைம்பெண் இருந்தாள். ஒரே மாதத்தில் கல்மழை அவள் திராட்சைத் தோட்டத்தை அழித்தது. கொள்ளைநோய் ஆடுகளைக் கொன்றது. பிறகு காய்ச்சல் வந்து அவளுடைய ஒரே மகளையும் கொண்டுபோனது.

மில்காள் அழவில்லை. வானத்தைப் பார்த்து, "ஏன்?" என்று மட்டும் கேட்டாள். விடிந்ததும் அதே கேள்வி. மாவரைக்கும்போதும் அதே கேள்வி.

விடை சொல்ல மூன்று ஞானிகள் வந்து, மூன்று நாள் அவள் வீட்டில் தங்கினார்கள்.

கேனாஸ் என்பவர், அவள் ஏதோ பாவம் செய்திருக்கிறாள் என்றார். என்ன பாவம் என்று கேட்டாள். அதை அவள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

அபியேல் என்பவர், அது அவள் முன்னோர் செய்த பாவம் என்றார். அதே முன்னோருக்குப் பிறந்த தன் அண்ணனின் தோட்டம் மட்டும் எப்படிச் செழித்திருக்கிறது என்று கேட்டாள். அவர் தாடியைத் தடவினார்.

யோதாம் என்பவர், கடவுள் அவளைச் சோதிக்கிறார் என்றார். சோதனை எனக்கென்றால் செத்தது ஏன் என் மகள் என்று கேட்டாள்.

ஊர் பயந்தது. கடவுளையே கேள்வி கேட்பவளை வைத்திருந்தால் தங்கள் தோட்டத்திலும் கல்மழை விழும் என்று பேசிக்கொண்டார்கள். அவளை ஊரைவிட்டு அனுப்ப மூப்பர்கள் ஊர் வாசலில் கூடினார்கள். ஞானிகளும் வந்து அமர்ந்தார்கள்.

மில்காள் அவர்கள் முன் வந்து நின்றாள்.

"போகிறேன் ஐயா. ஞானிகளிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். என் துக்கத்துக்கு மூன்று நாள் காரணம் சொன்னீர்களே, என் மகள் பெயர் என்ன?"

கேனாஸ் அபியேலைப் பார்த்தார். அபியேல் தரையைப் பார்த்தார். யோதாம் எழுந்து வந்து அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

"தெரியாது அம்மா. நான் கேட்கவே இல்லை. இப்போது சொல்லுங்கள்."

"திர்சாள்," என்றாள்.

பிறகு, பச்சை அத்திக்காயைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவாள் என்றாள். அப்புறம் என்று யோதாம் கேட்டார். குட்டியைப் போலவே கத்தித் தாயாட்டை ஏமாற்றுவாள் என்றாள். மூப்பர் ஒருவர், அந்தச் சத்தத்தில் தானும் ஒருமுறை ஏமாந்து, காணாமல்போன குட்டி என்று புதரெல்லாம் தேடியதைச் சொன்னார்.

அப்போதுதான் மில்காள் அழுதாள்.

அவளை அனுப்பும் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. மறுநாள் அந்த மூப்பர்களே வந்து, ஒடிந்த கொடிகளை நறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள்.

ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைத்ததா என்றால், இல்லை. ஆனால் ஒவ்வொரு அறுவடைக்கும் யோதாம் அங்கே வந்தார். அவளோடு உட்கார்ந்து, வானத்தைப் பார்த்து, அவரும் அதையே கேட்டார்.

துன்பத்தில் இருப்பவருக்குக் காரணம் சொல்லப் போகிறவர், முதலில் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.