மூடுபனியை எழுப்பாத கரடிக்குட்டி

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு பூநாரை, காட்டுக் குட்டிகளுக்குப் பாலே நடனம் சொல்லிக்கொடுத்து வந்தது. நுனிவிரலில் நின்று, காற்றோடு காற்றாகச் சுழன்று ஆடும் நடனம் அது. கடல் தாண்டிப் போய்க் கற்றுவந்த வித்தை என்று பூநாரைக்கு ஏகப் பெருமை.

"நுனிவிரல்! முதுகை நிமிர்த்து! சிரிக்காதே!" என்று அதட்டிக்கொண்டே இருக்கும்.

முயல்குட்டியும் மான்குட்டியும் நடுங்கியபடியே நுனிவிரலில் நின்றன. கருப்பட்டி என்ற கரடிக்குட்டிக்கு அதுவும் முடியவில்லை. நுனிவிரலில் எழும், தொப்பென்று விழும்.

ஒருநாள் பூநாரை பொறுமை இழந்தது.

"இது காலா, உலக்கையா? நாளையிலிருந்து நீ வரவேண்டாம்!"

கருப்பட்டி அழவில்லை. நாணல் புதருக்குள் போய் உட்கார்ந்து, தன் பாதங்களைச் சேற்றில் புதைத்துக்கொண்டது. அம்மா தேனடை கொண்டுவந்து நீட்டினாள். அதையும் தொடவில்லை.

மறுநாள் விடிந்தபோது குளம் முழுக்க வெள்ளையாக மூடுபனி. அல்லி இலைகள்மேல் நடந்து வந்த நீலி என்ற தாமரைக்கோழி, இன்னும் நாணல் புதருக்குள்ளேயே இருந்த கருப்பட்டியைப் பார்த்துவிட்டது.

"நான் ஆடமாட்டேன்!" என்றது கருப்பட்டி முந்திக்கொண்டு.

"ஆடச் சொன்னேனா? மெதுவாகப் பேசு! மூடுபனி தூங்குகிறது. அதை எழுப்பாமல் அந்த இலவமரம்வரை போக முடியுமா உன்னால்?"

கருப்பட்டி யோசித்தது. சேற்றிலிருந்து ஒரு பாதத்தை உருவியது. பிறகு இன்னொன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுனிவிரலில், ஈரப்புல்லின்மேல் நடந்தது. பனி அசையவில்லை!

இலவமரத்தடியில் பஞ்சு மிதந்து மிதந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இது தரையைத் தொடக்கூடாது. ஊதி ஊதியே மேலே அனுப்பு!" என்றது நீலி.

கருப்பட்டி ஊதியது. பஞ்சு பறந்த பக்கமெல்லாம் கைகளை விரித்துச் சுழன்றது, துள்ளியது. சிரிப்புச் சத்தம் கேட்டு முயல்குட்டி ஓடிவந்தது. பின்னாலேயே மான்குட்டியும் வந்துவிட்டது. வெண்பனிக்குள் மூன்று நிழல்கள் மேகத்துண்டுகள்போல் மிதந்தன.

குட்டிகளைத் தேடிவந்த பூநாரை அப்படியே நின்றுவிட்டது.

"இந்தச் சுழற்சி எனக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று! கருப்பட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லை. விளையாடினோம்" என்றது நீலி.

பூநாரையின் கழுத்து தாழ்ந்தது. தான் கடைசியாக விளையாடியது எப்போது என்று அதற்கு நினைவே வரவில்லை.

"கருப்பட்டி, உன்னை அப்படிச் சொன்னது என் தப்பு. என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வாயா?"

கருப்பட்டி நீலியைப் பார்த்தது. பிறகு ஒரு பஞ்சை ஊதி, பூநாரையின் பக்கம் அனுப்பியது.

"விட்டுவிடாதீங்க டீச்சர்! ஊதுங்க!"

பூநாரை ஊதியது. தடுமாறியது. தொப்பென்று விழுந்தது. விழுந்தபடியே சிரித்தது.

மிரட்டினால் வராத வித்தையும், விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் குழந்தைக்குத் தானாக வரும்.